காற்று சாத்திய கதவு

அந்தக் கண்ணாடியைச் சித்தெ தள்ளுங்க தம்பி. இன்னுங் கொஞ்சம். முழுசாத் தள்ளிருங்க, தூசி வந்தா வந்துட்டுப் போகுது. கண்டக்டர் எதுக்குங்க கதவைச் சாத்துனாப்டி? பஸ்ஸு நவுந்தாத்தானே கதவைச் சாத்தோணும்? முன்னால கரும்பு லாரி சாஞ்சு கெடக்குது, கவுந்தப்பாடி வரைக்கும் வண்டி நிக்குதுங்கறாங்க. டிரைவரே எறங்கி டீக்கடைக்குப் போயாச்சு. ஏனுங் கண்டக்டரு, அந்தக் கதவை மட்டும் திறந்து வெய்ங்க, ஆரும் எறங்கி ஓடிர மாட்டாங்க. ஆங், அப்பிடித்தான். போதுமுங்க.

என்ன இந்த மனுசன் இப்பிடி வேர்த்துக் கொட்டறான்னு பாக்கறீங்களா? சீக்கு ஒண்ணுமில்லைங்க. சக்கரை கெடையாது, பிரஷர் கெடையாது. கதவு சாத்துன எடத்துல இருந்தா மட்டும் நெஞ்சு படபடங்கும். முன்னெல்லாம் இது இல்லை. போன வைகாசியில ஸ்பெயின் தேசம் போயிட்டு வந்த பொறவுதான்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். இந்த வேட்டியும் மஞ்சப்பையுமா இருக்கறவன் ஸ்பெயினுக்குப் போனானாக்கும்னு நெனைக்கறீங்க. போனேனுங்க. கப்பல்ல போனேன். எப்பிடியும் லாரியைத் தூக்க நேரமாகும், சொல்றேன் கேளுங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க, தப்பு ஆரு மேலன்னு.

என்ற பேரு ஈஸ்வரமூர்த்தி. கோபியில வீடு. மில்லுல ஸ்டோர்ஸ் கீப்பரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஸ்டோர்ஸ்னா லேசுன்னு நெனைச்சுக்காதீங்க. ஒரு போல்ட்டு நட்டுக்கூட நான் சாவி எடுத்துத் திறந்தாத்தான் வெளிய போகும். இடுப்புல சாவிக்கொத்தைச் சொருகினா வேட்டி ஒரு பக்கம் எறங்கிரும், அத்தனை சாவி. முதலாளியே எங்கிட்ட வந்து, "மூர்த்தி, அதைச் சித்தெ திறந்து விடப்பா"ன்னுதான் கேக்கோணும். பூட்டாத பொருளு ஊரான் பொருளுன்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினவன் நான்.

என்ற சம்சாரம் துளசிமணி. எங்களுக்கு ஒரே புள்ள, சுகந்தி, பெங்களூர்ல இருக்கறா. அந்தப் புள்ளதான் டிக்கெட் போட்டுக் குடுத்துச்சு. நம்ம ஈரோட்டுப் பக்கத்து ஆளுங்க ஒரு கூட்டமாப் போறாங்க, சாப்பாடெல்லாம் நம்ம சாப்பாடு, கப்பல் ஒவ்வொரு ஊராப் போயி நிக்கும், எறங்கிப் பாத்துட்டு ஏறிக்கலாம்னா. "அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போங்கப்பா"ன்னு ஃபோன்ல ஒரு தினுசாச் சொன்னா. என்ன தினுசுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலை. நான் என்ன, அவளை எங்கியும் கூட்டிட்டுப் போகாமயா இருந்தேன்? பழனிக்குப் போயிருக்கறோம், பண்ணாரிக்கு வருசா வருசம் போறோம். நான் இல்லாம அவ எங்கியும் போனதில்லை. அத்தனை பத்திரமா வெச்சிருக்கறேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். காதிஸ்னு ஒரு ஊருங்க. துறைமுகம். மூவாயிரம் வருசத்து ஊருன்னு டூர்காரத் தம்பி சொன்னாப்டி. அமெரிக்காவுக்குப் போற கப்பலெல்லாம் ஒரு காலத்துல அங்கிருந்துதான் கெளம்புமாம், தக்காளி, மொளகா, உருளைக்கெழங்கு எல்லாம் அந்த வழியாத்தான் வந்து எறங்குச்சாம். நெசமோ, புளுகோ. ஊரு எப்பிடின்னா, கழுத்தாட்டம் ஒரே ஒரு வழிதான் நெலத்தோட ஒட்டியிருக்குது. மத்த பக்கமெல்லாம் கடல். கடலுக்கு நடுவுல ஒரு கோட்டை, கோட்டைக்குள்ள வெள்ளை வெள்ளையா வீடுக. தெருவெல்லாம் நம்ம கை ரெண்டையும் நீட்டினா ரெண்டு பக்கச் சுவத்தையும் தொட்டுரலாம், அவ்வளவு குறுக்கம்.

கப்பல் காலையில கரை சேந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துருவாங்க. அஞ்சரைக்குள்ள ஏறிரோணும், ஏறாட்டி கப்பல் ஆருக்காகவும் நிக்காதுன்னு மைக்குல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. எங்க கூட்டத்து ஆளுகெல்லாம் பஸ்ஸு புடிச்சு செவில்னு ஒரு பெரிய ஊருக்குப் போயிட்டாங்க. நான் போகலைங்க. அத்தனை தூரம் போயி பஸ்ஸு நின்னு போச்சுன்னா? கண்ணு முன்னால கப்பல் தெரியற ஊருல நடந்தே சுத்துவோம்னு சொல்லிட்டேன். துளசிமணியும் சரீன்னா. அவ எதுக்கும் மாட்டேன்னு சொன்னதில்லை, அந்த வகையில எனக்குக் குடுப்பினைதான்.

அந்த ஊருல ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கறாங்க தம்பி, எனக்கு ரொம்பப் புடிச்சுது. தரையில கலர் கலராக் கோடு போட்டு வெச்சிருக்கறாங்க. ஒரு கலரு கோட்டையெல்லாம் சுத்திக் காட்டும், ஒரு கலரு பழைய வியாபாரிங்க வீடுகளைக் காட்டும். அந்தக் கோடு போற பக்கமே போனா வழி தப்பாது. நான் ஆரஞ்சுக் கலரை எடுத்தேன். துளசிமணி தரையையே பாத்துட்டு வந்தவ ஒரு முக்குல நின்னு, "ஏனுங்க, இந்த நீலக் கோடு எங்க போகுதுங்க?"ன்னா. "அது எங்கியோ போகுது, நம்மளுது ஆரஞ்சு. வா"ன்னேன்.

என்ற வழக்கம் என்னன்னா, எந்த எடமா இருந்தாலும் மொதல்ல நான் உள்ள போயிப் பாப்பேன். சரியா இருந்தாத்தான் அவளைக் கூப்பிடுவேன். ஓட்டலா இருக்கட்டும், ஒறம்பரை, சொந்தக்காரங்க வீடா இருக்கட்டும், அப்பிடித்தான். அங்கியும் அப்பிடித்தான் போனோம். பெரிய சர்ச்சு ஒண்ணு, மேல மஞ்சளா மின்னுது, நான் வாசல்ல எட்டிப் பாத்தேன், கூட்டம், வேண்டாம்னுட்டேன். மார்க்கெட்டுல எட்டிப் பாத்தேன். யானைத் தண்டி மீனெல்லாம் அறுத்து வெச்சிருக்கறான். அவ உள்ள வரட்டுமான்னு வாசல்ல நின்னு கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்கறா. "ஒரே ஈரம், வழுக்கும், வேண்டாம்"னு கையக் காட்டிட்டு வெளிய வந்துட்டேன். தெரு முக்குல எல்லாம் பழைய பீரங்கியைத் தலைகீழாப் பொதைச்சு வெச்சிருக்கறாங்க, வண்டி வந்து சுவத்துல இடிக்காம இருக்க. அதுல ஒண்ணைப் போயித் தடவுனா. "துரு, கையில ஒட்டும்"னேன். கைய எடுத்துட்டா.

அப்பறம் அந்தக் காத்து. காத்துன்னா நம்ம ஆடிக் காத்தெல்லாம் அதுங்கிட்டப் பிச்சை வாங்கோணும். கெழக்க இருந்து வீசற காத்தாம், வீச ஆரம்பிச்சா நாள் கணக்கா நிக்காதாம். தெருவுக்குள்ள பூந்துச்சுன்னா ஊஊன்னு ஊதுது. சேலையைப் புடிக்கறதா நடக்கறதான்னு தெரியாம அவ படாத பாடு பட்டா. "சித்தெ எங்கியாச்சும் ஒதுங்கலாமுங்க, காலு வலிக்குது"ன்னா. மத்தியானம் ஆயிப்போச்சு, கடையெல்லாம் ஒவ்வொண்ணாச் சாத்தறாங்க.

அப்பத்தான் அந்தக் கதவைப் பாத்தேன். கெரகம் அங்கதான் உக்காந்திருந்துருக்குது.

நல்ல உசரமான மரக்கதவுங்க, பாதி திறந்திருக்குது. உள்ள எட்டிப் பாத்தா பளபளன்னு தரை. சுவத்துல பதிச்ச நீல டைல்ஸ் ஓட்டுல மாதா படம், மடியில குழந்தை, முன்னால ஒரு சின்ன வெளக்கு எரியுது, ரெண்டு பூ. ஜில்லுன்னு இருக்குது. இங்க நம்மூருல அப்பிடி ஒரு எடத்தைப் பாத்தா என்னன்னு நெனைப்பீங்க? கோயில்தானே? தெருக்கோயில்னு நெனைச்சுட்டேன். சாமி இருக்கற எடத்துல செருப்போட போலாமுங்களா? ஷூவைக் கழட்டித் தெருவுலயே விட்டேன். "நீ இங்கியே நில்லு, நான் பாத்துட்டுக் கூப்பிடறேன்"னு அவளை வெளிய நிறுத்திட்டு உள்ள போனேன்.

ஆரு சாமியா இருந்தா என்ன, கும்புட்டா நல்லதுதானேன்னு கைகூப்பினேன். பிரகாரம் சுத்த எடமில்லை. எடமில்லாத எடத்துல நாம என்ன பண்ணுவோம்? நின்ன எடத்துலயே கண்ணை மூடிட்டு மூணு சுத்துச் சுத்துவோமில்லைங்களா? சுத்தினேன். மூணாவது சுத்துல பின்னால டமார்னு ஒரு சத்தம். கண்ணைத் திறந்தா இருட்டு. காத்து கதவைச் சாத்திருச்சு.

சாத்துனாத் திறந்துக்கலாம்னு போறேன், உள்பக்கம் கைப்பிடியே இல்லைங்க. ஒரு சாவி ஓட்டை மட்டும் இருக்குது. இந்தப் பக்கம் திரும்பினா இரும்புக் கேட்டு, அதுவும் பூட்டு. கேட்டுக்கு அந்தாண்ட நடுமுத்தம், கெணறு, தொட்டி தொட்டியாச் செடி, கொடியில வெள்ளைத் துணி காயுது. அப்பத்தான் தெரியுது, இது கோயிலில்லை, ஒரு வீட்டோட நடை. நாலு குடித்தனம் இருக்கற வீடு. தெருக்கதவுக்கும் இரும்புக் கேட்டுக்கும் நடுவுல, ரெண்டு கட்டில் போட்டா ரொம்பிப்போற எடத்துல, பொறியில விழுந்த எலியாட்டம் நான் நிக்கறேன்.

தலை ஒசரத்துக்குக் கதவுல பித்தளைச் சல்லடை ஒண்ணு இருந்துச்சு, உள்ளங்கை அகலம். அதுல கண்ணை வெச்சா துளசிமணி தெரியறா. என்ற ஷூவுக்குப் பக்கத்துல நிக்கறா.

"ஏனுங்க, என்ன ஆச்சுங்க?"

"கதவு சாத்திக்கிச்சு. தள்ளு!"

தள்ளினா. தோளைக் குடுத்துத் தள்ளினா. அது யானை வந்து முட்டினாலும் அசையாத கதவு. வெளிய பட்டன் இருக்குதா பாருன்னேன், எல்லாத்தையும் அமுக்குன்னேன். அமுக்குனா. மேல எங்கியோ கிர்ர்னு மணி அடிக்குது, ஒரு குஞ்சு எட்டிப் பாக்கலை. பட்டப்பகல்ல ஊரே கதவைச் சாத்திட்டுத் தூங்குதுங்க! அது அந்த ஊரு வழக்கமாம், மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு அஞ்சு மணி வரைக்கும் ஆரும் தலையக் காட்ட மாட்டாங்களாம். "ஹலோ! ஹலோ! சார்! அய்யா! ஆராச்சும் இருக்கீங்களா!"ன்னு இரும்புக் கேட்டைப் புடிச்சு உலுக்கினேன். கெணத்துல என்ற சத்தமே எனக்குத் திரும்பி வருது.

என்ற இடுப்புப் பையிலதான் ரெண்டு பேரு பாஸ்போர்ட்டும் இருக்குது. கப்பலுக்குள்ள போற அட்டை ரெண்டும் இருக்குது. ஃபோனும் எங்கிட்டத்தான், ஆனா வெளிநாட்டுல பேசற மாதிரி நான் போட்டுக்கலை, கப்பலுக்குள்ளதான் பேசும். துளசிமணி கையில ஒரு தண்ணி பாட்டிலு, ரெண்டு ஆரஞ்சுப் பழம். அவ்வளவுதான். ஆறு மணிக்குக் கப்பல் போயிரும். நான் உள்ள, அவ வெளிய. பாஷை தெரியாது, எழுத்துத் தெரியாது, ஒண்டியா ஒரு தெருவைத் தாண்டாதவ.

"தெரு முக்குக்குப் போயி ஆரையாச்சும் கூட்டிட்டு வா"ன்னேன். அவ ரெண்டு எட்டு வெச்சா. "போகாத, போகாத! தொலைஞ்சு போயிருவே, இங்கியே நில்லு!"ன்னேன். நின்னா. "நின்னு என்ன பண்ணுவே? போயிப் பாரு!"ன்னேன். மறுக்காவும் போனா. "இரு, இரு!"ன்னேன். இப்பிடியே நாலஞ்சு தடவை. கடைசியில அவ கதவுகிட்ட வந்து சல்லடையில வாயை வெச்சு மெதுவாப் பேசினா.

"பதறாதீங்க. மொதல்ல உக்காருங்க."

"எப்பிடி உக்கார்றது?"

"கதவைப் பாத்து உக்காராதீங்க. கதவையே பாத்துட்டிருந்தா நேரம் போகாது. முதுகைக் காட்டி உக்காருங்க. வெளிய காலடிச் சத்தம் கேக்கும், எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்காதீங்க, அது வேற ஆரோ, வேற எங்கியோ போவாங்க. கத்திப் பிரயோசனம் இல்லீங்க, தொண்டைதான் வலிக்கும். மொதல்ல கோவம் வரும். அப்பறம் அழுகை வரும். அதும் போனாத் தூக்கம் வரும். வந்தாத் தூங்கிருங்க. முழிக்கறப்பப் பாதி நேரம் போயிருக்கும்."

நான் அசந்து போயிட்டேன் தம்பி. அத்தனை பதட்டத்துல அவ்வளவு நிதானமாப் பேசறா. "இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?"ன்னேன். "தெரியுமுங்க"ன்னா. பொம்பளைங்களுக்குப் பொறப்புலயே ஒரு தைரியம் இருக்குதுங்க, என்னதான் சொல்லுங்க.

நான் வேலைக்குப் போறப்ப வீட்டை வெளிப்பூட்டுப் போட்டுட்டுத்தான் போவேன். ஏன்னா எங்க வீதி அப்ப ஒதுக்குப்புறம். ஆளு நடமாட்டம் இல்லை. அவளும் கட்டிட்டு வந்தப்ப சின்னப் புள்ளை. கதவைத் தட்டி ஆரு வந்தாலும் "வாங்க"ம்பா, அப்பிடி ஒரு வெகுளி. அதுக்காகத்தான். உள்ள டீவி இருக்குது, மிக்சி இருக்குது, பின்னால குளிக்கப் பொழங்கப் பொடக்காலி இருக்குது, ஒரு கொறை இல்லை. அதுவே பழக்கமாயிப்போச்சு. ரிட்டயர்டு ஆனப்பறமும் சந்தைக்குப் போனா, பேங்குக்குப் போனா, கை தானாப் பூட்டும். ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க? வீட்டைப் பூட்டிட்டுப் போறது ஒரு குத்தமுங்களா?

ஒரு தடவை மில்லுல ஸ்ட்ரைக்கு, என்னால ராத்திரி வர முடியலை. சுகந்தி அப்பக் கைக்குழந்தை, காய்ச்சல்னா அனலாக் கொதிச்சிருக்குது. துளசிமணி என்ன பண்ணுனா தெரியுமா? ஜன்னல் வழியாப் பக்கத்து வீட்டுச் செட்டியாரம்மாவைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாவே மருந்து வாங்கி, ஜன்னல் கம்பிக்கு வெளிய குழந்தை கைய நீட்டி டாக்டருக்கு நாடி காட்டியிருக்கறா. பூட்டைத் தொடவே இல்லையே! காலையில நான் வந்து திறக்கறேன், குழந்தை நல்லாத் தூங்குது, இவளும் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கறா. அத்தனை சாமர்த்தியம். அதைத்தான் நான் எல்லார்த்துகிட்டயும் பெருமையாச் சொல்லுவேன்.

சரி, அதை விடுங்க. காதிஸுக்கு வர்றேன். ஒரு நோட்டைப் பீடியாட்டம் சுருட்டிச் சல்லடை ஓட்டையில நீட்டினேன். "இதை வெச்சுக்க, அவசரத்துக்கு ஆகும். ஆரையாச்சும் கூட்டிட்டு ஒடனே வந்துரோணும்"னேன். அவ கப்பல் அட்டையையும் நீட்டிப் பாத்தேன், தடிமன், ஓட்டையில போகலை. அவ நோட்டை வாங்கிக்கிட்டு, "வர்றேனுங்க"ன்னா. போனா. சல்லடையில அவ சேலை ஓரம் வரைக்கும் தெரிஞ்சுது, பொறவு தெரியலை.

வரலைங்க.

சித்தெ நேரத்துல வந்துருவான்னு பாத்தேன். வரலை. அவ சொன்னதுல ஒண்ணைக்கூட என்னால கேக்க முடியலை. கதவைப் பாத்துதான் உக்காந்தேன். காலடிச் சத்தம் கேட்டா எந்திரிச்சேன். வேற ஆரோ, வேற எங்கியோ. கோவம் வந்துச்சு. திட்டினேன், கண்டபடி திட்டினேன். பொறவு பயம். எனக்கு என்ன ஆகும்னு இல்லைங்க, சத்தியமா. அவளை ஆராச்சும் கூட்டிட்டுப் போயிட்டா? கடலுக்குள்ள கிடலுக்குள்ள விழுந்துட்டா? சுகந்திகிட்ட என்னன்னு சொல்லுவேன்? அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போங்கப்பான்னு சொன்னவகிட்ட, வெளிய விட்டுட்டு வந்துட்டேன்னா சொல்றது?

சொல்ல வெக்கமா இருக்குது தம்பி, அழுதேன். அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை எனக்கு. இந்தா, புள்ள, இப்பிடித்தான் கூப்பிடுவேன். அன்னிக்குச் சல்லடையில வாயை வெச்சு, "துளசிமணீ, துளசிமணீ"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். தெருவுல காத்துத்தான் ஊஊன்னுச்சு. அப்பறம் எப்பன்னு தெரியலை, அந்த மாதா படத்துக்குக் கீழயே சுருண்டு தூங்கிட்டேன்.

முழிச்சது கதவு திறக்கற சத்தத்துல. ஒரு குண்டம்மா, கையில கடற்கரையில விரிக்கற குடை, கூட நாலஞ்சு பேரு. என்னையப் பாத்ததும் அய்யோன்னு ஒரு கத்து. நான் கையெடுத்துக் கும்புட்டு, "நோ தீஃப், நோ தீஃப், காட், காட்"னு மாதாவைக் காட்டினேன், நின்ன எடத்துல ஒரு சுத்துச் சுத்தியும் காட்டினேன். அந்தம்மா என்னைப் பாத்துச்சு, வெளிய கெடந்த ஷூவைப் பாத்துச்சு, விழுந்து விழுந்து சிரிச்சுது. தண்ணி குடுத்துச்சு. குடிக்கற நெலைமையிலயா நான் இருக்கறேன்? வெளிய ஓடியாந்தேன்.

ஷூ ரெண்டும் சுவத்தோரமா ஒழுங்கா ஒதுக்கி வெச்சிருக்குது. ரெண்டுக்குள்ளயும் ஒவ்வொரு ஆரஞ்சுப் பழம். பசிச்சாத் திங்கட்டும்னு வெச்சிருக்கறா. உள்ள மாட்டிக்கிட்டவன் வெளிய இருக்கற பழத்தை எப்பிடிங்க திங்கறது? அந்த வெகுளித்தனத்தைத்தான் சொல்றேன் நான்.

மணியைப் பாத்தா அஞ்சு தாண்டியிருச்சு. ஓட்டம்னா ஓட்டம். ஆரஞ்சுக் கோடு எது, பச்சைக் கோடு எதுன்னு கண்ணு தெரியலை. சந்துக்குச் சந்து அவ பேரைக் கூப்பிட்டுட்டே ஓடறேன், சனமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குது. கப்பல் வேற ஊதுது. போலீஸுகிட்டப் போறதா, கப்பலுக்குப் போறதா? கப்பல்காரன்கிட்டயாச்சும் சொல்லலாம்னு துறைமுகத்துக்கு வந்து சேர்றேன்.

கேட்டுக்கு வெளிய பெஞ்சியில உக்காந்திருக்கறா தம்பி.

மொதல்ல எனக்கு அவளை அடையாளம் தெரியலை. தலை முடியெல்லாம் காத்துல அவுந்து கெடக்குது. சேலைக் கரை முழங்கால் வரைக்கும் ஈரம், காலெல்லாம் மணல். கையில காயிதத்தைக் கூம்பாச் சுருட்டி அதுல பொரிச்ச மீனு. பக்கத்துல அந்த ஊருக் கெழவி ஒண்ணு உக்காந்திருக்குது, இவ ஒரு மீனை அதுங்கிட்ட நீட்டறா, அது இவகிட்ட என்னமோ சொல்லுது, ரெண்டும் சிரிக்குதுங்க. துளசிமணிக்குக் கடவாப்பல்லுல ஒரு பல்லு இல்லைன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். அவ்வளவு வாயைத் திறந்து சிரிச்சு நான் பாத்ததில்லை.

"அறிவிருக்குதா உனக்கு? எங்க போனே?"ன்னு கத்தினேன்.

"நீலக் கோட்டுப் பக்கம் போனேனுங்க"ன்னா.

"ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னா ஊரு சுத்தப் போனியா?"

"கூட்டிட்டு வந்தேனுங்க. ரெண்டு பேரு வந்தாங்க, கதவைத் தட்டினாங்க, நீங்க சத்தமே குடுக்கலை. ஓட்டை வழியாப் பாத்தேன், தூங்கிட்டிருந்தீங்க. அஞ்சு மணிக்கு ஆளு வருமுன்னு வெரலைக் காட்டிச் சொன்னாங்க. அது வரைக்கும் நான் அங்க நின்னு என்னுங்க பண்றது? நீங்க உள்ள பத்திரமாத்தானே இருந்தீங்க."

இதுதான் தம்பி அவ சொன்ன வார்த்தை. வாயில மீனை வெச்சுக்கிட்டு, கோவமும் இல்லை, குத்தலும் இல்லை, ரசத்துல உப்புப் பாருங்கங்கற மாதிரி சொன்னா. சரி, பயத்துல உளர்றான்னு மன்னிச்சு விட்டுட்டேன். அட்டையைக் காட்டிக் கப்பலுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டேன்.

பொறவு கொஞ்சங் கொஞ்சமாச் சொன்னா. மீன் மார்க்கெட்டுக்குள்ள போயிருக்கறா. வழுக்கலையாம். பெரிய சர்ச்சுக்குள்ள உக்காந்திருக்கறா. ஊருக் கடைசியில சின்னக் கடற்கரையாம், கலர் கலராப் படகாம், வயசான பொம்பளைங்க எல்லாம் மணல்ல மேசை போட்டு நம்பரு வெளையாட்டு வெளையாடுனாங்களாம், இவளையும் உக்கார வெச்சாங்களாம். ஆலமரமாட்டம் ஒரு மரம், அதும் வேர்ல சாஞ்சு படுத்திருக்கறா. நான் குடுத்த நோட்டுல ஐஸ்கிரீம் தின்னுருக்கறா! "வழி தெரியாமத் தொலைஞ்சிருந்தீன்னா?"ன்னு கேட்டேன். "எந்தப் பக்கம் போனாலும் கடல் வந்து நின்னுக்குதுங்க, அப்பறம் எப்பிடித் தொலையறது?"ன்னா. மூவாயிரம் வருசத்து ஊரை அவ முழுசாப் பாத்துட்டா, நான் ஒரு வீட்டு நடையைப் பாத்துட்டு வந்தேன்.

அன்னிக்கிருந்து இந்தப் படபடப்பு. கப்பல் ரூமுக்கு ஜன்னல் இல்லை, கதவைச் சாத்துனா எனக்குத் தூக்கம் வராது. அவ நல்லாக் கொறட்டை விட்டுத் தூங்குனா.

ஊருக்கு வந்தாச்சு. மறுநா காலையில பேங்குக்குப் போகோணும். செருப்பைப் போட்டுட்டேன், பூட்டையும் கையில எடுத்துட்டேன். துளசிமணி ஈரக் கையைச் சேலையில தொடைச்சுக்கிட்டு வாசப்படிக்கு வந்தா. "பூட்ட வேண்டாமுங்க"ன்னா. அவ்வளவுதான். சண்டையில்லை, அழுகையில்லை. நாப்பது வருசத்துல அவ எங்கிட்ட ஒண்ணு வேண்டாம்னு சொன்னது அதுதான் மொதத் தடவை. ஏன்னு கேக்கலாம்னு வாயைத் திறந்தேன். எனக்கு அந்தப் பித்தளைச் சல்லடை கண்ணு முன்னால வந்துருச்சு. பூட்டை ஆணியில மாட்டிட்டுப் போயிட்டேன்.

பேங்குக்கு எங்க போறது? பாதி வழியில திரும்பி வந்துட்டேன். கதவு ஆன்னு திறந்து கெடக்குது. உள்ள உக்காந்து பீர்க்கங்காய் அரியறா. "என்னுங்க, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"ன்னா.

அதுல இருந்து இதே கதைதான் தம்பி. எங்க போனாலும் மனசு வீட்டுலதான். இப்பக்கூட ஈரோட்டுல ஒரு துக்கத்துக்குப் போயிட்டு வர்றேன், பொணத்தை எடுக்கற வரைக்கும் இருக்க முடியலை, கெளம்பிட்டேன். எங்க வீதி முக்குத் திரும்பறப்ப இன்னிக்கு அவ வீட்டை விட்டுப் போயிருப்பான்னு நெனைப்பேன். இருக்கறா. அரிசி பொடைச்சிட்டு இருக்கறா, டீவி பாத்துட்டு இருக்கறா. பாஷை தெரியாத ஊரை ஒண்டியாச் சுத்தினவ, இங்க பக்கத்து வீதி அம்மன் கோயிலுக்குக்கூடப் போறதில்லை. கதவு திறந்து கெடக்குது, அவ உள்ள இருக்கறா.

பூட்டி வெச்சிருந்தப்ப அவ ஏன் இருந்தான்னு எனக்குத் தெரியுமுங்க. இப்ப ஏன் இருக்கறான்னுதான் தெரியலை. இன்னிக்குக் கேட்டுரோணும், இன்னிக்குக் கேட்டுரோணும்னுட்டேதான் படியேறுவேன். "வந்துட்டீங்களா?"ம்பா. "வந்துட்டேன்"ம்பேன். அதுக்கு மேல கேக்கப் பயமா இருக்குதுங்க.